நாற்பத்தொரு வெட்டு

எங்கள் ஸ்பிரிங்வில் ஊரில் எத்தனையோ பிள்ளைகள் சினிமாவில் ஒரு முத்தத்தைக்கூடப் பார்க்காமல் பதினெட்டு வயதைத் தாண்டியிருக்கிறார்கள். அந்தப் புண்ணியத்தில் பாதி என்னுடையது. மலையடிவாரத்தில் ஒரு கம்பெனி இருக்கிறது, பெயர் வேண்டாம். கெட்ட வார்த்தை, ரத்தம், படுக்கை, பாட்டில் எல்லாவற்றையும் வீட்டு டிவி தானாகவே தாண்டிப் போகும்படி செய்கிற மென்பொருளை விற்கிறார்கள். தானாகவே என்பது விளம்பரத்துக்கு. உண்மையில் யாராவது ஒருவன் முழுப் படத்தையும் முதலில் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். எந்த நொடியில் ஆரம்பம், எந்த நொடியில் முடிவு, என்ன வகை, எவ்வளவு மோசம் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். பதினொரு வருடமாக அந்த ஒருவன் நான். ருலன் டட்டில், வயது ஐம்பத்து நான்கு.

"நீங்க எங்களுக்காகப் பாக்குறீங்க பிரதர்" என்று சபையில் கை குலுக்குவார்கள். குலுக்கிய பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. வீட்டு நிலவறையில் கோதுமை வாளிகளுக்கும் பீச் பழ பாட்டில்களுக்கும் நடுவே மேசை போட்டு, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, யார் தயவும் இல்லாமல் வேலை செய்கிறேன். இந்தப் பதினொரு வருடத்தில் ஒரு வெட்டு தவறாகப் போட்டேன் என்று யாரும் விரல் நீட்டியதில்லை. போன ஆகஸ்ட் வரைக்கும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், என் மனைவி ஜனீல் ஒரு தட்டில் நறுக்கிய பீச் பழத்தோடு கீழே வந்தாள். சாதாரணமாக அவள் கீழே வரமாட்டாள். அவள் சபையில் இளம்பெண்களுக்கு வாராவாரம் வகுப்பு எடுப்பவள், என் திரையில் எந்த நேரத்தில் என்ன ஓடும் என்று சொல்ல முடியாது. அன்றைக்குக் கதவருகிலேயே நின்று இருமினாள். நான் திரையை நிறுத்தினேன்.

"ருலன், ஒரு படம் போடணும். ஐடஹோவுல தங்கச்சி வீட்டுல பாத்தேன். பழைய படம். குதிரை டாக்டர் ஒருத்தன் ஒரு சின்ன ஊருக்கு வர்றான்."

"பாத்த படத்த மறுபடி எதுக்கு?"

"உன்கூட பாக்கணும். திங்கட்கிழமை சாயங்காலம் குடும்பமா உக்கார்றப்ப. பெருசா ஒண்ணும் இல்ல அதுல, ரெண்டு மூணு வார்த்தைதான். அத மட்டும் எடுத்துடு."

சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. நாற்பத்தொன்பது வயதுப் பெண் பத்தொன்பது வயதுக்காரி மாதிரி நின்றாள். பழத்தை வைத்துவிட்டுப் படியேறும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே போனாள்.

புதன்கிழமை காலையில் படத்தைப் போட்டேன். பதினோராவது நிமிடத்தில் அந்தக் குதிரை டாக்டர் வருகிறான். லாரியிலிருந்து இறங்குகிறான், தொப்பியைக் கழற்றுகிறான், மணிக்கட்டால் நெற்றியைத் துடைக்கிறான். படத்தை நிறுத்திவிட்டேன். யாரோ ஒரு நடிகன்தான், ஆனால் அச்சு அசலாக வெஸ்டன்.

வெஸ்டன் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஜனீலின் முதல் புருஷன். பதின்மூன்று வருடத்துக்கு முன் செத்துப்போனான். சாதாரணமாகச் செத்திருந்தாலாவது நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். சபையில் ஒரு விதவையின் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று சனிக்கிழமை காலையில் சும்மா உதவப் போய், ஓடு மாற்றும்போது வழுக்கி விழுந்து செத்தான். அப்படிச் செத்தவனோடு எவன் போட்டி போட முடியும்? உயிரோடிருந்தபோதும் அப்படித்தான். ஆறடி இரண்டு அங்குலம். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தால் சபைக் கூடத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும். எனக்கு அப்போது நாற்பது வயது, கல்யாணமாகவில்லை. நாற்பது வயதுப் பிரம்மச்சாரியை எங்கள் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். அவன் மட்டும் தோளில் கைபோட்டுப் பேசுவான். அவனை வெறுக்கக்கூட எனக்கு ஒரு காரணம் தராமல் போய்விட்டான்.

எங்கள் ஆலயத்தில் நடக்கிற கல்யாணம் சாவோடு முடிவதில்லை. இந்த உலகத்துக்கும் மறு உலகத்துக்கும் சேர்த்தே முடிச்சுப் போடுவார்கள். உயிரோடிருக்கும் ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரே ஒரு முடிச்சுதான். ஜனீலுக்கு அது இருபத்திரண்டு வயதில் வெஸ்டனோடு விழுந்துவிட்டது. ஆகவே எங்கள் கல்யாணம் ஆலயத்தில் நடக்கவில்லை. சபைக் கட்டடத்துக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, பிஷப் நடத்திவைத்தார். வளையத்தை யாரோ வெள்ளைக் காகிதத்தால் மறைத்திருந்தார்கள். "இந்த உலக வாழ்வுக்கு மட்டும்" என்று பிஷப் வாசித்தார். நான் சரி என்றேன்.

சரி என்று சொல்வது சுலபம். அதற்குப் பிறகு பத்து வருடம் அதைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுப்பது சுலபமில்லை. நாங்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் பெயரில் யாராவது ஆலயத்தில் சடங்கு செய்தால் எனக்கும் ஜனீலோடு ஒரு முடிச்சு கிடைக்கலாம் என்றார் பிஷப். "கர்த்தர் எல்லாத்தையும் சரி பண்ணிடுவார் பிரதர், விடுங்க." எப்படிச் சரி பண்ணுவார்? என்னையும் வெஸ்டனையும் நிறுத்திவைத்து ஜனீலைத்தானே கேட்பார்? அவள் யார் பக்கம் வந்து நிற்பாள்? எனக்கு வேறு யாரும் இல்லை, அங்கேயும் இல்லை. இதைப் பல் தேய்க்கும்போது நினைத்திருக்கிறேன், புல் வெட்டும்போது நினைத்திருக்கிறேன். ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை.

இப்போது அவன் என் திரையிலேயே வந்து நிற்கிறான். அவள்தான் வரவழைத்திருக்கிறாள், தட்டில் பழம் கொண்டுவந்து கொடுத்து.

முதலில் நேர்மையாகத்தான் வேலை செய்தேன். மூன்று கெட்ட வார்த்தை. மதுக்கடையில் ஒரு சண்டை. கடைசியில் ஒரு முத்தம். ஐந்து வெட்டு, முடிந்தது. பிறகு கை சும்மா இருக்கவில்லை. அந்தத் தொப்பி கழற்றுகிற இடத்துக்குத் திரும்பப் போனேன். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது. உடை ஒழுங்கின்மை என்று குறித்தேன். ஒன்று போட்ட பிறகு அடுத்தது சுலபமாக வந்தது. ஆற்றில் முகம் கழுவுகிறான், அதுவும் உடை ஒழுங்கின்மை. குதிரையின் காதில் ஏதோ சொல்கிறான், என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை, ஆகவே கெட்ட வார்த்தையாகவும் இருக்கலாம். முப்பத்து நான்காவது நிமிடத்தில் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். அதற்கு எங்கள் பட்டியலில் எந்த வகையும் பொருந்தவில்லை. "இதர மனச்சங்கடம்" என்று ஒன்று இருக்கிறது, அதில் போட்டேன். அளவு மூன்று, அதாவது மிக மோசம்.

மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு வெட்டு ஆகிவிட்டது. ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடப் படம் ஒரு மணி இரண்டு நிமிடமாகச் சுருங்கியது. ஓட்டிப் பார்த்தேன். அந்தப் படத்தில் ஒரு பேக்கரிக்காரி வருகிறாள். அவள் கதவைப் பார்த்துப் பேசுகிறாள், காலி நாற்காலிக்கு ரொட்டி வைக்கிறாள், கடைசியில் வெள்ளை உடையில் யாருக்கோ தலையாட்டுகிறாள். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்து வெகுநாளாயிற்று. இது எங்கள் வீட்டுக்கு மட்டும் என்றுதான் செய்தேன், ஊரைக் கெடுக்கிற எண்ணம் சத்தியமாக இல்லை. ஆனால் திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்று வீட்டுப் பிரதி, இன்னொன்று எல்லா வாடிக்கையாளருக்கும் போகிற வெளியீடு. பதினொரு வருடமாக என் விரல் வெளியீட்டைத்தான் அழுத்தியிருக்கிறது. அன்றைக்கும் அதையே அழுத்திவிட்டு, முந்தின நாள் மிச்சமிருந்த பீச் பழத்தைச் சாப்பிட்டு முடித்தேன். பெரிய படமென்றால் இன்னொருவர் சரிபார்ப்பார். பழைய படத்துக்கு என் கையெழுத்தே போதும்.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து கூடத்துக்கு வெளியே நடையில் கிளம்பிக்கொண்டிருந்தோம். சிஸ்டர் ஓவ்சன் வந்தார். பெண்கள் சங்கத் தலைவி, எங்கள் பக்கத்துத் தெரு. எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாதவர்.

"பிரதர் டட்டில், நேத்து அந்தக் குதிரை டாக்டர் படம் பாத்தோம். பாத்தோம்னு சொல்லக் கூடாது, உங்க புண்ணியத்துல பாக்காம தப்பிச்சோம்."

"எங்க பாத்தீங்க?" என்றேன்.

"எங்க வீட்டுலதான். ஜனீல் சிஸ்டர்தான் நல்ல படம்னு சொன்னாங்க. வெள்ளிக்கிழமை புது வரவுல வந்திருந்துச்சு, பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாரையும் உக்கார வச்சிட்டேன். ஆரம்பிக்கும்போதே நாப்பத்தொரு வெட்டுன்னு காட்டுது. போர்ப் படத்துக்குக்கூட அவ்வளவு வராது. எங்க வீட்டுக்காரர் எழுந்து டிவி பின்னாடி போய் ஒயர ஆட்டிப் பாத்தாரு. அந்த ஆளு கதவத் தொறந்தா போதும், படம் தாவுது. அப்படி என்னதான் பண்ணான் அவன்? வேணாம், சொல்லாதீங்க. நான் சாப்பிடணும்."

பிறகு ஜனீல் பக்கம் திரும்பினார். குரலில் தேன் ஒழுகியது.

"நீங்க ஐடஹோவுல முழுசாவே பாத்தீங்கல்ல சிஸ்டர்? குடும்பத்தோட பாக்கலாம்னு சொன்னீங்க. பரவால்ல, ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு அளவு."

நடையில் இருந்த மற்ற மூன்று பெண்களும் தங்கள் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். அதில் ஒருத்தியின் மகள் ஜனீலின் வகுப்பில் இருக்கிறாள். எங்கள் ஊரில் வெட்டு அதிகமென்றால் அழுக்கு அதிகம் என்று அர்த்தம், அதற்கு வேறு அர்த்தம் யாரும் யோசிக்கமாட்டார்கள். ஜனீலின் காதோரம் சிவந்தது. "ஆமா சிஸ்டர், முழுசா பாத்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே நிலவறைக்கு இறங்கினாள். என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பட்டியலத் தொற."

"ஜனீல், அது வந்து..."

"தொற ருலன்."

திறந்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தாள், பாடம் வாசிக்கிற குரலில்.

"பதினோராவது நிமிஷம். தொப்பியக் கழட்டுறான். வகை, உடை ஒழுங்கின்மை. தொப்பியா?"

"மேல் பொத்தான்..."

"இருபத்தேழாவது நிமிஷம். தட்டக் கழுவி வைக்கிறான். வகை, இதர மனச்சங்கடம். புருஷங்காரன் தட்டுக் கழுவுறது உனக்கு மனச்சங்கடமா இருக்கும், ஒத்துக்கறேன். முப்பத்தி நாலாவது நிமிஷம். சிரிக்கிறான். அளவு மூணு." கண்ணாடியைக் கழற்றினாள். "பத்து வருஷமா அந்தப் பொண்ணுங்களுக்கு நல்லது கெட்டது சொல்லிக் குடுத்துட்டிருக்கேன். இப்ப நான் எதப் பாத்து ரசிக்கிறேன்னு அவங்க அம்மாக்கள் பேசிக்குவாங்க. ஏன்டா இப்படிப் பண்ணின?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவன் வெஸ்டன் மாதிரியே இருக்கிறான், நீ அவனைப் பார்க்கத்தான் இந்தப் படத்தைக் கேட்டாய், உன் முகத்திலேயே தெரிந்தது என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

அவள் திரையைப் பார்த்தாள். "எங்க? காட்டு."

சிரிக்கிற இடத்தை ஓட்டினேன். அவள் பார்த்தாள். திரும்ப ஓட்டச் சொன்னாள். மூன்றாவது தடவையும் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அப்படியென்றால் நான் நினைத்தது சரிதான்.

"வெஸ்டன் இப்படியா சிரிப்பான்?" என்று கேட்டாள். "எனக்கு ஞாபகம் இல்ல ருலன். ரெண்டு மூணு வருஷமாவே வரமாட்டேங்குது. வெக்கமா இருந்துச்சு, யார்கிட்டயும் சொல்லல. உனக்கு மட்டும் எப்படி இவ்வளவு நல்லா ஞாபகம் இருக்கு?"

ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினேன்.

"இந்தப் படத்துல ஒரு பொம்பளை இருக்கா," என்றாள். "அவளப் பாத்தியா?"

"பேக்கரிக்காரி."

"அவ என்ன வயசுல கடை தொறக்குறா?"

தெரியாது. அந்தப் படத்தை நான் மூன்று தடவை பார்த்திருந்தேன், அவள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"நாப்பத்தெட்டு. கையில ஒண்ணும் இல்ல, ஊரே சிரிக்குது, தொறக்குறா. எனக்கும் ஒரு கடை வைக்கணும். ரெண்டு வருஷமா மனசுல இருக்கு. உன்கிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. படத்த ஒண்ணா பாத்துட்டு, முடிஞ்சதும் சொல்லலாம்னு நெனச்சேன்." எழுந்தாள். "அதான் அந்த முகம்."

மேலே போய்விட்டாள். நான் சாயங்காலம் வரை உட்கார்ந்து முப்பத்தாறு வெட்டையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஐந்து வெட்டோடு புதிய பிரதியை வெளியிட்டேன். ஆனால் ஒரு தடவை பேசப்பட்டதைத் திரும்ப எடுக்க எந்தப் பொத்தானும் இல்லை. வாரம் முழுக்க அவளுக்கு யாரும் போன் செய்யவில்லை. வியாழக்கிழமை இரண்டு பெண்கள் வகுப்புக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்கு நாங்கள் பட்டினி இருப்போம், பிரசங்கம் கிடையாது. யாருக்கு என்ன மனதில் இருக்கிறதோ மேடைக்குப் போய்ச் சொல்லலாம். பொதுவாக முதியவர்கள் அறுவை சிகிச்சையைப் பற்றியும் குழந்தைகள் நாய்க்குட்டியைப் பற்றியும் சொல்வார்கள். நான் பதினெட்டு வருடமாக அந்தப் படி ஏறியதில்லை. ஏறினேன்.

சொன்னேன். அந்தப் படத்தில் மூன்று வார்த்தை, ஒரு சண்டை, ஒரு முத்தம்தான் இருக்கிறது என்றேன். மற்ற முப்பத்தாறும் என் பொறாமை, என் மனைவி சொன்னதுதான் சரி, அது நல்ல படம் என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொறாமை யார் மேல் என்று சொல்ல வேண்டுமே. வெஸ்டனைச் சொன்னேன். அந்தக் கூரையைச் சொன்னேன், தோளில் கைபோட்டதைச் சொன்னேன், சிரிப்பைச் சொன்னேன். முன்வரிசையில் நிறையப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். பிஷப் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம்தான் இறங்கினேன்.

முடிந்ததும் சிஸ்டர் ஓவ்சன் நேரே ஜனீலிடம் வந்து கட்டிக்கொண்டார். "என்னை மன்னிச்சிடு. நான் ஒரு வாயாடி." பிறகு என்னைப் பார்த்து, "அப்ப அந்த டாக்டர் கடைசியில அவளத்தான் கட்டிக்கிறானா? எங்க வீட்டுல ஒரு வாரமா சண்டை" என்றார். வகுப்புக்கு வராத பெண்களின் அம்மாக்களும் வந்து கை குலுக்கினார்கள். என் கையையும் சேர்த்து.

காரில் ஏறியதும் எனக்கு ஒரு பெருமிதம். யார் செய்வார்கள் இதை? மெயின் தெரு சிக்னலில் நின்றபோது கேட்டேன்.

"இப்ப சரியாப் போச்சா?"

ஜனீல் மடியிலிருந்த கைப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒம்போது நிமிஷம் பேசின. என் பேர் ரெண்டு தடவ வந்துச்சு. வெஸ்டன் பேர எண்ணிட்டே வந்தேன், பதினஞ்சுல விட்டுட்டேன்."

"உனக்காகத்தானே ஏறினேன்."

"தெரியும். அதுக்கு நன்றி சொல்றேன், உண்மையாவே சொல்றேன். ஆனா கேளு. நான் செத்து அந்தப் பக்கம் போனா யாரோட இருப்பேன்னு எனக்குத் தெரியாது. பிஷப்புக்கும் தெரியாது. இந்த உலகத்துக்கு மட்டும்னு சொல்லி உனக்கு என்னைக் குடுத்தாங்க. எனக்கு அது சின்னதா தோணவே இல்ல ருலன். ஒரு முழு ஆயுசு. மொத்தமும் உனக்குத்தான். நீ அதக் கொண்டுபோய் வெஸ்டனோட கழிச்சிட்டிருக்க. மேல சமையலறையில நான் பத்து வருஷமா தனியா இருக்கேன்."

சிக்னல் பச்சையாகியிருந்தது. பின்னால் இருந்தவர் எங்கள் சபைக்காரர்தான், ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தார்.

"கடை எங்க வைக்கலாம்னு இருக்க?" என்று கேட்டேன்.

கேலி செய்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு தெரு தள்ளி. சாவி ரிப்பேர் கடை காலி பண்ணிட்டான்."

"இன்னிக்கு ஞாயிறு. பூட்டியிருக்கும்."

"கண்ணாடி வழியா பாக்கலாம்."

திருப்பினேன். இறங்கி, இரண்டு பேரும் நெற்றிக்குமேல் கையைக் குவித்துக் கண்ணாடியில் முகத்தை ஒட்டினோம். உள்ளே ஒரு ஏணியும் தூசியும்தான் இருந்தன. அடுப்பு அந்த மூலையில் என்றாள். காலை ஐந்து மணிக்குத் திறக்க வேண்டும் என்றாள், ஜன்னலோரம் மூன்று மேசை போடலாம் என்றாள். பேசப் பேச அந்த முகம் வந்தது, அந்தச் செவ்வாய்க்கிழமை நிலவறைக் கதவருகில் பார்த்த அதே முகம். இவ்வளவு அருகில், எனக்காக.

இந்தக் கடையைப் பற்றி வெஸ்டனிடம் எப்போதாவது சொல்லியிருப்பாளா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கிவிட்டு, கல்லாப்பெட்டி எந்தப் பக்கம் என்று கேட்டேன்.